எழுத்து வகுப்பில் வலைப்பூ: பின்னூட்டம் "அருமை"யோடு நின்றுவிடுகிறது

தாழ்வாரம்:
முதலாண்டு எழுத்து வகுப்பு, 30 மாணவர்கள். ஆளுக்கொரு வலைப்பூ, வாரம் ஒரு பதிவு, இரண்டு பின்னூட்டம். எல்லோர் குரலும் ஒலிக்க வேண்டும் என்ற பெண்ணியக் கற்பித்தல் நோக்கில் தொடங்கியது. ஆனால் "அருமை", "உண்மை" என்பதற்கு மேல் பின்னூட்டம் நகரவில்லை. நாலைந்து பேருக்கே வாசகர் சேர்கிறார்கள். பெண்கள் பலர் சொந்த அனுபவத்தைத் தொடுவதே இல்லை. எதை மாற்றலாம்?

எழுத்தாணி:
முப்பது தனி வலைப்பூ என்பதுதான் சிக்கல். அத்தனையையும் யாரும் படிக்கமாட்டார்கள். வகுப்பில் சத்தமாகப் பேசுகிறவர்களுக்கே அங்கும் கூட்டம் சேரும். ஐந்து பேருக்கு ஒரு கூட்டு வலைப்பூவாக ஆறு போதும். பதிவு செவ்வாய் இரவுக்குள், 300 முதல் 400 சொல், பின்னூட்டம் வெள்ளிக்குள். குழுவை வட்டமாக வரிசைப்படுத்தி, ஒவ்வொருவரும் தமக்கு அடுத்த இருவருக்கு எழுதட்டும். யாரும் விடுபடாமல் எல்லோருக்கும் சரியாக இரண்டு கிடைக்கும். வாராவாரம் வரிசையைக் கலைத்துவிடுங்கள்.

பின்னூட்டத்துக்கு ஒரே நிபந்தனை: பதிவிலிருந்து ஒரு வரியை எடுத்துப்போட்டு, அதன்மேல் ஒரு கேள்வி. பதிவர் பதில் எழுதியே ஆக வேண்டும். ஆசிரியர் முந்திக்கொள்ளக் கூடாது. அவர் சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதையேதான் வேறு சொற்களில் சொல்வார்கள். சனிக்கிழமை வரை பொறுங்கள்.

அடிக்கோடு:
அந்தப் பெண்களின் தயக்கம் நியாயமானது, அதைக் குறையாகப் பார்க்காதீர்கள். தன்னைத் திறந்துகாட்டாத ஆசிரியர் மாணவரிடம் மட்டும் அதைக் கேட்பது அதிகாரத்தைப் பயன்படுத்துவதுதான் என்று அமெரிக்கப் பெண்ணிய எழுத்தாளர் பெல் ஹூக்ஸ் 1994லேயே எழுதிவிட்டார். அதே தலைப்பில், அதே கெடுவுக்குள் நீங்களும் ஒரு பதிவு போடுங்கள். தலைப்பு எதுவானாலும் இரண்டு வழி இருக்கட்டும்: சொந்த அனுபவம், அல்லது ஒரு விளம்பரத்தையோ பாடநூல் பத்தியையோ கூறுபோட்டுப் பார்ப்பது. மதிப்பெண் இரண்டுக்கும் ஒன்றே.

வலைப்பூ நடத்த உதவும் வேர்ட்பிரஸில் தேடுபொறிகளைத் தவிர்க்கும் அமைப்பு அவற்றுக்கு வைக்கும் வெறும் வேண்டுகோள்தான். சுட்டி கிடைத்த யாரும் படிக்கலாம். தளத்தை உறுப்பினர்களுக்கு மட்டும் திறந்து வையுங்கள். புனைபெயர் மட்டும் காப்பாற்றாது, ஊரும் வீட்டு விவரமும் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். பருவம் முடிந்ததும் பிரதி எடுத்துக்கொண்டு அழிக்கும் உரிமை அவர்களுக்கு இருக்க வேண்டும்.

மைக்கூடு:
புனைபெயரில் எனக்கு ஒரு தயக்கம். குழுவுக்குள் யார் என்று தெரிந்தால்தான் புண்படுத்திய சொல்லுக்குப் பொறுப்பேற்பார்கள். உள்ளே சொந்தப் பெயர், வெளியே காட்டும் பதிவுக்கு மட்டும் புனைபெயர் என்று வைத்துக்கொள்ளலாம்.

தாழ்வாரம்:
வரிசை முறை பிடித்திருக்கிறது. மதிப்பெண்ணை எப்படிப் பிரிப்பது?

எழுத்தாணி:
பதிவுக்குப் பதிவு மதிப்பெண் போட்டால் உங்களுக்காகவே எழுதுவார்கள். பத்துப் பதிவில் மூன்றை அவர்களே தேர்ந்து திருத்தட்டும்: 60. எந்தப் பின்னூட்டத்தால் எது மாறியது, எதை ஏற்கவில்லை, ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் 150 சொல் குறிப்பு: 20. மற்றவர்களுக்கு எழுதிய பின்னூட்டம்: 20. இது என் கணக்குதான். பங்கீட்டை வகுப்போடு பேசி முடிவு செய்யுங்கள், அதுவும் மூன்றாம் வாரத்தில். முதல் வாரத்தில் கேட்டால் எதில் எவ்வளவு உழைப்பு என்று அவர்களுக்கே தெரியாது, தலையாட்டிவிடுவார்கள்.