வசூல் போன் வந்தால்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்கள் கவனத்துக்கு

கடன் பாக்கியைக் கேட்டு வசூல் போன் வந்ததும் முதலில் ஒன்று கேளுங்கள்: பேசுவது பேங்கா, கலெக்‌ஷன் ஏஜென்சியா? மற்றதெல்லாம் அப்புறம். ஊரில் ரெகவரி ஏஜென்ட் வாசலில் வந்து நின்ற கதைகளைக் கேட்டு வளர்ந்த நம் ஆட்கள், பதறிப்போய் கார்டு நம்பரைச் சொல்லிவிடுகிறார்கள். சொல்லாதீர்கள்.

1977-இல் வந்த ஃபெடரல் வசூல் சட்டம் பெரும்பாலும் அடுத்தவர் கடனை வசூலிக்கும் ஏஜென்சிகளைத்தான் கட்டுப்படுத்தும். பேங்க் தன் சொந்தப் பெயரில் கூப்பிட்டால் அந்தச் சட்டம் பொதுவாகப் பொருந்தாது. அங்கேதான் மாநிலச் சட்டம் கை கொடுக்கும். கலிபோர்னியாவின் ரோசன்தால் சட்டமும் டெக்சஸின் வசூல் சட்டமும் கடன் கொடுத்த பேங்கையும் சேர்த்தே பிடிக்கும். எல்லா மாநிலத்திலும் இப்படி இல்லை. ஆகவே நியூஜெர்சி நண்பர் சொன்னது டாலஸில் செல்லும் என்று நினைக்காதீர்கள்.

ஏஜென்சி என்றால், "கடிதம் அனுப்புங்கள், பார்த்துவிட்டுப் பேசுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுங்கள். யாருடைய கடன், எவ்வளவு பாக்கி என்ற விவரத்தை முதல் தொடர்பிலிருந்து 5 நாளுக்குள் அவர்கள் தந்தாக வேண்டும். அது கைக்கு வந்து 30 நாளுக்குள் "இது என் கடன் இல்லை" அல்லது "தொகை தவறு" என்று எழுத்தில் மறுத்தால், ஆதாரம் அனுப்பும் வரை வசூலை நிறுத்த வேண்டும். போனில் மறுத்தால் போதாது. சர்டிஃபைட் மெயிலில் (நம் ஊர் ரிஜிஸ்டர் தபால் மாதிரி) அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

உங்கள் ஊர் நேரப்படி காலை 8-க்கு முன்னும் இரவு 9-க்குப் பின்னும் ஏஜென்சி கூப்பிடக் கூடாது. ஒரு கடனுக்கு 7 நாளில் 7 தடவைக்கு மேல் அழைத்தால் அது விதிமீறலாகவே கருதப்படும். இது 2021 நவம்பர் முதல் உள்ள விதி. ரூம்மேட்டிடமோ மேனேஜரிடமோ உங்கள் கடனைப் பற்றிப் பேசவும் கூடாது. "விசாவை கேன்சல் பண்ணிவிடுவோம், போலீஸ் வரும்" என்றால் அது வெறும் மிரட்டல். கார்டு பாக்கிக்கு இங்கே ஜெயில் கிடையாது. தேதி, நேரம், பேசியவர் பெயர் மூன்றையும் குறித்து வைத்து, மாநில அட்டர்னி ஜெனரல் (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்) அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.

பழைய கடனில் இன்னொரு கண்ணி உண்டு. வழக்குப் போடக் காலக்கெடு இருக்கிறது. கார்டு கடனுக்கு நியூயார்க்கில் 3 வருடம், கலிபோர்னியாவில் பொதுவாக 4. "சும்மா 20 டாலர் கட்டுங்க சார்" என்று நைச்சியமாகக் கேட்பார்கள். பல மாநிலங்களில் அந்த 20 டாலரே கெடுவை முதலிலிருந்து ஓடவைத்துவிடும்.

கார் லோன் எடுத்த பேங்கிலேயே சம்பள அக்கவுண்டும் இருந்தால், தவணை தவறும்போது பேங்க் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. இரண்டையும் வேறு வேறு இடத்தில் வைப்பது நல்லது.

கோர்ட் சம்மன் வந்தால் மட்டும் மேசையில் போட்டுவைக்காதீர்கள். கலிபோர்னியாவில் பதில் தர 30 நாள், டெக்சஸில் சிறு தொகை வழக்குகளைப் பார்க்கும் ஜஸ்டிஸ் கோர்ட்டில் 14 நாள். பதில் போகாவிட்டால் கடன் உங்களுடையதா என்று பார்க்காமலே தீர்ப்பு அவர்கள் பக்கம் போய்விடும்.