லிவர்பூல் இடமாற்றச் செய்திகள்: எதை நம்புவது?

வெள்ளவத்தைத் தம்பி:
2025 செப்டம்பர் 1 இரவை என்னால் மறக்க முடியவில்லை. நம் நேரப்படி 11.30க்கு, இங்கிலாந்துக் கால்பந்துக் கழகங்கள் வீரர்களை வாங்கி விற்கும் இடமாற்றக் காலம் முடிந்தது. அறைக்குள் போனை வைத்துக்கொண்டு விழித்திருந்தேன். முன்கள வீரர் ஐசாக் 125 மில்லியன் பவுணுக்கு லிவர்பூலுக்கு வந்தார், பெரிய சந்தோஷம். ஆனால் தடுப்பாட்ட வீரர் மார்க் கேஹி மருத்துவப் பரிசோதனை வரை போயும் வரவில்லை. அதற்குப் பிறகு எந்தச் செய்தியையும் நம்ப மனம் வருவதில்லை. நீங்கள் எதைப் பார்த்து முடிவு செய்கிறீர்கள்?

கொட்டாஞ்சேனை அண்ணா:
தம்பி, வாங்கும் கழகத்தை விட விற்கும் கழகத்தைக் கவனியுங்கள். கேஹி அப்போது ஆடிய கிரிஸ்டல் பாலஸ் கழகத்துக்கு அவர் இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை, கடைசி நேரத்தில் பின்வாங்கினார்கள். அணித் தலைவரையே விட்டுவிட்டு எப்படி ஆடுவது? அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

தெஹிவளை ரசிகை:
அப்புறம் கழகத்தின் வீரர் பட்டியலையும் எண்ணிப் பாருங்கள். இங்கிலாந்தின் முதல்நிலைத் தொடரான பிரீமியர் லீக்கில் 25 பேர்தான், அதில் உள்நாட்டில் வளராதவர்கள், அதாவது இளம் வயதில் இங்கிலாந்து, வேல்ஸ் கழகங்களில் பயிற்சி பெறாதவர்கள், 17க்கு மேல் கூடாது. 21 வயதுக்குட்பட்டவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். இடமில்லாவிட்டால் முதலில் ஒருவர் போக வேண்டும்.

வெள்ளவத்தைத் தம்பி:
இந்த 17 கணக்கு எனக்குத் தெரியாது அக்கா. இன்றிரவே உட்கார்ந்து எண்ணுகிறேன்.