மறு: மறு: ஹேண்டில் = ?

வணக்கம். பாம் கையடக்கக் கணினிகளின் இயங்குதளமான பாம் ஓ.எஸ். பற்றிய பாடத்தின் மூன்றாம் அலகு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. நினைவகம், படிவம், புலம் (படிவத்தில் பயனர் எழுதும் இடம்) என்று தமிழ்ச் சொற்கள் எல்லாம் ஆயிற்று, நினைவகத் துண்டு ஒன்றைக் குறிக்கும் ஹேண்டில்தான் நிற்கிறது. 'கைப்பிடி' என்று போட்டேன். இந்த வரியில் இடிக்கிறது: "புலத்துக்குப் புதுக் கைப்பிடியைக் கொடுத்தால் பழையதை அது விடுவிக்காது, முன்பே கேட்டு வாங்கி நாம்தான் விடுவிக்க வேண்டும்." கைப்பிடியை எப்படி விடுவிப்பது?

> எப்படி விடுவிப்பது?

'பற்று' என்று வையுங்கள். பற்றை விடலாம், 350ஆம் குறளே அதற்குத்தான். 'பிடி' என்று சுருக்காதீர்கள், அது பெண் யானை. பற்று, பற்றுக்கோடு, பற்றாசு எல்லாம் ஒரே வேர். பற்றாசு என்பது பொற்கொல்லர் நகையைப் பற்றவைக்கும் பொடி. இதன் வழியே போனால்...

> பற்று

ஐயா, என் மாணவர்களில் பாதிப்பேர் வணிகவியல். பற்று என்றால் வரவு எங்கே என்பார்கள். யாழ்ப்பாணத்தில் பற்றுச்சீட்டு என்றால் ரசீது. நினைவக முகவரியான பாயின்டரும் சுட்டி, மௌசும் சுட்டி என்று பட்டது போதாதா? கட்டளைப் பெயரிலேயே ஹேண்டில் இருக்கிறது, அப்படியே விடுங்கள்.

> அப்படியே விடுங்கள்

அப்புறம் பாடத்தை எதற்குத் தமிழில் எழுதுகிறோம்? பொருளைப் பார்ப்போம். ஹேண்டில் எதையும் பிடித்திருப்பதில்லை. கோயில் வாசலில் செருப்பை விட்டால் தகர வில்லை ஒன்று தருவார்களே, அதுதான். கும்பிட்டு வருவதற்குள் செருப்பை வேறு தட்டுக்கு மாற்றியிருப்பார்கள். வில்லையின் எண் மாறாது. 1996இல் வந்த முதல் பாம் கருவியான பைலட்டில் மொத்த நினைவகமே 128 கேபி. நினைவகத் துண்டுகளை நகர்த்தி நகர்த்தித்தான் இடம் பண்ண முடியும். பூட்டினால் துண்டு நகராது, சுட்டி கிடைக்கும். எழுதியதும் பூட்டைத் திறந்துவிட்டுப் புலத்திடம் கொடுக்க வேண்டும். பயனர் எழுத எழுதத் துண்டு வளர வேண்டுமே. படிவம் மூடும்போது புலம் தன் கையில் இருப்பதைத் தானே விடுவித்துவிடும். உரை நமக்கு வேண்டுமானால் மூடுமுன் வெற்று மதிப்பைக் கொடுத்து வில்லையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். இதைக் கைப்பிடியை வைத்துச் சொல்லிப் பாருங்கள், அக்கா.

> வில்லை

எங்கள் ஊரில் வில்லை என்றால் மாத்திரை. லென்சும் வில்லை. போதாததற்கு வில் + ஐ = வில்லை. 'வில்லை விடு' என்றால் மாணவன் இராமனைத் தேடுவான்.

> வில் + ஐ

வில்லையை விடு என்று எழுதினால் தீர்ந்தது. இரண்டாம் வேற்றுமைக்குப் பயந்தால் கல்லையும் சொல்லையும்கூட விட வேண்டியதுதான்.

> கைப்பிடி, பற்று, வில்லை

சரி. கைப்பிடிக்கு ஐந்து பேர், அதில் மூவர் காரணமே சொல்லவில்லை. வில்லைக்கு இரண்டு, பற்றுக்கு ஐயா ஒருவர். கைப்பிடி என்றே அனுப்புகிறேன். செருப்பு உவமையை அடிக்குறிப்பில் சேர்க்கிறேன்.

> ஐயா ஒருவர்

என் மறுப்பையும் அடிக்குறிப்பில் சேர்க்கவும். பற்றாசைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.