கொழும்புக்குப் போனால் அலுவல் முடிந்ததும் கோச்சி ஏறிவிடுவீர்களா?

கல்லடிப் பாலம்:

இருபது வருசமாக மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போய்வருகிறேன். பயிற்சி வகுப்பு, கந்தோர் அலுவல், சொந்தக்காரர் யாரும் வெளிநாடு போனால் கட்டுநாயக்கா. இரவுக் கோச்சியில் ஏறி விடியக் கோட்டையில் இறங்கி, வெள்ளவத்தையில் மச்சாள் வீட்டில் முகம் கழுவி, அலுவல் முடிந்த கையோடு அன்றிரவே திரும்பவும் கோச்சி. என்னைக் கேட்டால் கொழும்பு ஒரு கந்தோர், ஒரு சாப்பாட்டுக்கடை, ஒரு பிளாட்பாரம். அதற்கு மேல் அங்கே ஏதும் இருந்தாலும் அது நமக்கில்லை என்றே இருந்துவிட்டேன்.

ஒருமுறை பயிற்சிக்குக் கூட வந்த காலி ஊர்க்காரர் ஒருவர், மனைவிக்கு வர முடியவில்லை, டிக்கெட் ஒன்று மிச்சம், வாறீங்களா என்று கேட்டார். லயனல் வெண்ட் அரங்கு. நாடகம் ‘மனமே’. என் சிங்களம் கடைச் சிங்களம். பருப்பு என்ன விலை, பஸ் எத்தனை மணிக்கு, அதோடு சரி. காலில் வேறு செருப்பு. வாசலில் யாரும் ஏதும் சொல்லிவிடுவார்களோ என்று அந்த மனிசனின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனேன். ஒருவரும் என் காலைப் பார்க்கவில்லை.

சொன்ன நேரத்துக்கு விளக்கு அணைந்தது. கூத்துப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதுவே புதினம். மறுகா மத்தளம் கேட்டது பாருங்கள், கூத்துப் பழக்குகிற எங்கட ஊர் அண்ணாவியார் யாரையும் கூட்டிக்கொண்டுவந்து உள்ளே இருத்தியிருக்கிறார்களோ என்று நிமிர்ந்து பார்த்தேன். முதலில் ஒருவர் வந்து கதையைப் பாடி அறிமுகம் செய்கிறார், நம்ம கட்டியகாரன் மாதிரி. பாத்திரங்கள் பாடிக்கொண்டே ஆடி வருகின்றன. இளவரசன், அவன் புதுப்பெண்சாதி, காட்டில் வேடராசன். வேடர் கதை கேட்டு வளர்ந்த கரை நம்முடையது, கதை பிடிக்கவா கஷ்டம்? என் கால் தன்பாட்டில் தாளம் போட்டிருக்கிறது போல. பக்கத்துக் கதிரையில் இருந்த வயதான சிங்கள ஐயா குனிந்து, “பாட்டு விளங்குதா?” என்று கேட்டார். “பாட்டு விளங்கவில்லை, மத்தளம் விளங்குது” என்றேன். இடைவேளைக்கு எனக்குப் பிளேன்டீ வாங்கித் தந்தார்.

பிறகு தேடி வாசித்ததில், எதிரிவீர சரச்சந்திரவின் அந்த நாடகம் முதன்முதல் மேடையேறியது அதே வெண்ட் அரங்கில், 1956 நவம்பரில். அதே வருசம் ஜூனில்தான் தனிச் சிங்களச் சட்டம். சட்டம் தமிழை வெளியே தள்ளுகிறது, ஐந்து மாதத்தில் ஒருவர் ‘நாடகம’ என்று தமிழ்ப் பெயரையே வைத்திருக்கும் பழைய கரையோரக் கூத்து வடிவத்தைத் தூக்கிக்கொண்டு வந்து சிங்கள அரங்குக்கே புது வழி திறக்கிறார். கத்தோலிக்கத் தமிழ்க் கூத்து வழியாகப் போன வடிவம் அது. இதை நினைத்து அன்றிரவு சந்தோசப்படுவதா கோபப்படுவதா என்று விளங்காமல் கோச்சியில் நித்திரை வரவில்லை.

சரி, உங்களுக்கும் இப்படி ஏதும் நடந்திருக்கும். சித்திரம், பாட்டு, கூத்து, இரவு ஊர் சுற்றியது, எதுவானாலும் எழுதுங்கள்.

களுவாஞ்சிக்குடி டீச்சர்:

நான் உயர்தரத்தில் சித்திரம் எடுக்கும் பிள்ளைகள் பதினொரு பேரைக் கலா பொலவுக்குக் கூட்டிக்கொண்டு போன கதை இருக்கிறது. பொல என்றால் சந்தை. 1993இல் தொடங்கிய சந்தை, வழக்கமாக வருசத் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு, விகாரமாதேவி பூங்காவுக்குப் பக்கத்து வீதியில் மர நிழலில் ஓவியர்கள் படங்களைச் சாத்தி வைத்துவிட்டு ஆளுக்கொரு கதிரையில் இருப்பார்கள். நுழைவுக் காசு இல்லை. வேன் பிடித்து இரவு பத்து மணிக்கு வெளிக்கிட்டு, பொலநறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று போனோம். பிள்ளைகள் வாழைச்சேனையோடேயே நித்திரை.

எனக்கிருந்த பயம், இதுகள் ஊர்ப் பிள்ளைகள், கூச்சத்தில் என் சேலைத்தலைப்பைப் பிடித்துக்கொண்டே சுற்றுமே என்பதுதான். பத்து நிமிசம்கூட இல்லை, ஒன்றையும் காணவில்லை! தேடிப் போனால் ஒருத்தி தாடிவைத்த ஓவியர் ஒருவருக்கு முன்னால் குந்திக்கொண்டு, இந்தப் பச்சைக்குள் என்ன கலந்தீர்கள் என்று கையால் கேட்கிறாள். அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் தட்டை எடுத்து நீலத்தையும் மஞ்சளையும் கொஞ்சம் மண்நிறத்தையும் குழைத்துக் காட்டுகிறார். நான் இரண்டு வருசம் கரும்பலகையில் படிப்பித்தது அன்றைக்கு அரை நிமிசத்தில் ஏறியது. அந்த வீதிக்கு ஒருகாலத்தில் ஆனந்த குமாரசுவாமியின் பெயரை வைத்தார்கள், நடராசர் பற்றி உலகத்துக்கு எழுதிய மனிசன். இதை வேனில் வைத்துச் சொன்னேன், ஒருவரும் கேட்கவில்லை.

பின்னேரம் நூதனசாலைக்குப் போனோம், 1877இல் திறந்த கட்டடம். அங்கே பொலநறுவைச் சிவன் கோயில்களில் எடுத்த வெண்கலச் சிலைகள் இருக்கின்றன. நடராசருக்கு முன்னால் என் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெடியன் நின்றவன் நின்றவன்தான். “டீச்சர், இவர் எங்கே இருந்தவர்?” “பொலநறுவையில்.” “நாங்க ராத்திரி அந்த வழியாலதானே வந்தம்?” ஓம் மனே, நித்திரையில் வந்தோம். அவன் அடுத்துக் கேட்டதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை: “இவருக்கு இங்கே ஆர் விளக்கு வைக்கிறது?”

குறை ஒன்று சொல்லவேண்டும். அந்த வீதியில் அவ்வளவு சனத்துக்குப் பெண்பிள்ளைகள் போய்வரக் கழிப்பறை தேடுவது பெரிய பாடு. பிள்ளைகளோடு போகிறவர்கள் முதலே இடம் பார்த்து வையுங்கள்.

அக்கரைப்பற்றான்:

நான் புறக்கோட்டையில் போன் கடையில் நாலு வருசம் நின்றவன். எங்கட கண்காட்சி எல்லாம் காலிமுகத்திடல்தான். கடை பூட்டிவிட்டு இறால் வடை ஒன்றை வாங்கிக்கொண்டு கடலைப் பார்த்து இருந்தால், பட்டம், பாட்டு, சண்டை, காதல் எல்லாம் இலவசமாகப் பார்க்கலாம். அங்கே இருக்கிற கடலோர நடைபாதை ஹென்றி வார்ட் என்ற கவர்னர் தொடங்கி 1859இல் முடிந்ததாம், கல்லிலே எழுதியிருக்கிறது.

ஆனால் கொழும்பின் இரவு என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் வெசாக்கைக் காட்டுவேன். மே மாதத்துப் பௌர்ணமியில் வருகிற புத்தர் பண்டிகை. கங்காராம விகாரைப் பக்கம் பேர வாவி முழுக்க வெளிச்சம், தெருவுக்குத் தெரு வெளிச்சக்கூடு, ஆளுயரம் பத்து மடங்கு இருக்கிற தோரணத்தில் ஆயிரக்கணக்கான பல்ப் ஓடி ஓடிக் கதை சொல்லும். பல்ப் எந்த ஒழுங்கில் அணைந்து எரியவேண்டும் என்று ஒருத்தர் பின்னால் இருந்து கணக்குப் போட்டிருப்பார், அந்த மனிசனைத்தான் எனக்குச் சந்திக்க ஆசை. தன்சல் என்று இலவசமாகச் சாப்பாடு கொடுக்கிற பந்தலில் சோறு, ஐஸ்கிரீம், கோப்பி, அவித்த மரவள்ளி. வரிசையில் நின்றால் சரி, நீ ஆர் என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். தொப்பி போட்டுக்கொண்டு நின்ற என் வாப்பாவுக்கு ஒரு பெடியன் இரண்டாவது ஐஸ்கிரீமைக் கையில் திணித்துவிட்டுப் போனான்.

போயா என்கிற பௌர்ணமி நாளுக்குச் சாராயக்கடை பூட்டு. இரவு வாழ்க்கை பார்க்கப்போகிறோம் என்று சரியாக அந்த நாளில் ஊரிலிருந்து வந்து இறங்கிய கூட்டாளிமார் இரண்டு பேர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு என்னோடு மரவள்ளி சாப்பிட்டார்கள். அப்படியான இரவு வேண்டும் என்றால் இவ்வளவு தூரம் ஏன் வாறீங்க, பக்கத்தில் அறுகம்குடா இருக்கிறது, சீசனுக்கு வெள்ளைக்காரர் அங்கே தேடி வருகிறார்கள் என்று ஏசிவிட்டேன்.

புளியந்தீவுப் பொடியன்:

செருப்புக்கு ஒருவரும் ஏதும் சொல்லவில்லை என்று எழுதிய அண்ணன் கொடுத்துவைத்தவர். எங்களைச் சொன்னார்கள்.

நாங்கள் மூன்று பேர். ஒரு ஹோட்டலின் மேல்மாடியில் பாண்ட் வாசிக்கிறார்கள் என்று போனோம். பேர் சொல்ல விருப்பமில்லை. வாசலில் நின்றவர் மேலே இருந்து கீழே வரை பார்த்துவிட்டு, சப்பாத்து இல்லாமல் உள்ளே விடமாட்டோம் என்றார். எங்களில் ஒருவனிடம்தான் சப்பாத்து. அவன் உள்ளே போய்ப் பாட்டுக் கேட்டுவிட்டு அரை மணித்தியாலத்தில் வெளியே வருவான், கீழே கார் நிறுத்துகிற இடத்தில் கழற்றித் தருவான், அடுத்தவன் போவான். அவனுடையது ஒன்பது, என் கால் ஏழு. உள்ளே நான் ஆடியதை ஆட்டம் என்று சொல்ல முடியாது, சப்பாத்து ஒரு பக்கம் நான் ஒரு பக்கம். காவலாளிக்கு விளங்கியிருக்கும், மூன்றாவது தடவை அதே சப்பாத்து வரும்போது சிரித்துவிட்டார்.

ஆனால் பாண்ட் பைலாப் பாட்டுக்கு மாறியதும் எனக்கு வேறு ஞாபகம். எங்கட வீட்டுக்குப் பக்கத்தில் பறங்கி அங்கிள் ஒருவர், தச்சுவேலை செய்கிறவர். அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் வயலினை எடுத்து கஃப்ரிஞ்ஞா என்கிற அவர்களுடைய ஆட்டத்துக்கு வாசித்தால் கிழவிமாரும் எழும்பி ஆடுவார்கள். வீட்டுக்குள் போர்த்துக்கேயம் கலந்த அவர்களுடைய பாசை. போர்த்துக்கேயர் மட்டக்களப்பில் கோட்டை கட்டினது 1628இல், பத்து வருசத்தில் ஒல்லாந்தர் பிடித்துவிட்டார்கள். கோட்டை கைமாறியும் அந்தப் பாசையும் ஆட்டமும் நம்ம ஊர்ச் சந்துகளில் இவ்வளவு காலம் தங்கிவிட்டது. பைலாவுக்கு வேரே அந்த ஆட்டம்தான். அங்கிளிடம் வந்து இதைச் சொன்னேன். “டிக்கெட் எவ்வளவு?” என்றார். சொன்னேன். “என்னிடம் தந்திருந்தால் விடியும்வரை வாசித்திருப்பேனே” என்றார்.

ஏறாவூர்ப் பிள்ளை:

நான் உம்மாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் காட்டப் போனேன். நம்பர் வர நாலு மணித்தியாலம் என்றார்கள். வெயிலுக்கு ஒதுங்கக் காலி வீதியில் கிரெஸ்கட் கடைத்தொகுதிக்குள் போனால் உள்ளே ஒரு கலை அருங்காட்சியகம். நவீன, சமகாலக் கலைக்கானது, 2019 டிசம்பரில் தொடங்கினார்களாம். காசு இல்லை என்றார்கள், நான் நம்பவில்லை, இரண்டாம் தரமும் கேட்டேன்.

உம்மாவுக்குப் படங்களில் பாதி பிடிக்கவில்லை, அதைச் சத்தமாகவே சொன்னா. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுதியிருந்தது. தமிழ் என்றால் பிழைபிழையாக ஒட்டிய பலகைத் தமிழ் இல்லை, வாசிக்கக்கூடிய தமிழ். கொழும்பில் ஆஸ்பத்திரிக் கடிதத்தில் இருந்து பஸ் போர்ட் வரை யாரையாவது கேட்டுக்கேட்டுப் போகிற மனிசி, அன்றைக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்றையும் விடாமல் தம்பிக்கு வாசித்துக் காட்டினா. நம்பரைத் தவறவிட்டோம். கடைசி ஆளாகத்தான் டொக்டரைப் பார்த்தோம்.

பிற்பாட்டுக்காரன்:

எல்லாரும் பார்க்கப் போன கதை எழுதுறீங்க. நான் ஆடப் போன கதை சொல்கிறேன்.

நான் வவுணதீவுப் பக்கம். ஒரு விழாவுக்கு எங்கட கூத்துக் குழுவைக் கூப்பிட்டார்கள். வடமோடி என்கிற கூத்து வகை. பஸ் அனுப்பினார்கள், சாப்பாடு நல்லது, பொய் சொல்லக்கூடாது. போனபிறகு ஒரு தங்கச்சி கடதாசியோடு வந்து, “உங்களுக்கு நாற்பது நிமிசம், ஐயா” என்கிறா. பிள்ளை, தருமர் கொலுவுக்கு வந்து சேரவே நாற்பது நிமிசம் என்றேன். அவ சிரித்தா, நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

மறுகா மேடை. ஊரில் கூத்தாடுகிற வட்டக்களரியில் நாலு பக்கமும் சனம். மத்தளமும் தாளமும் பிற்பாட்டும் களரிக்குள்ளேயே நிற்கும், ஆட்டக்காரன் சுற்றிச்சுற்றி வருவான், எந்தப் பக்கம் திரும்பினாலும் மாமன் மச்சான் முகம் தெரியும். இங்கே சனம் ஒரு பக்கம், மிச்சம் மூன்று பக்கமும் திரை. எங்கட வீமன் பழக்கத்தில் வட்டம் போட்டுப் பின்திரைக்கே ஆடிக்காட்டிவிட்டான். முன்னுக்கு வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது, சனம் இருக்கிறதா எழும்பிப் போய்விட்டதா தெரியாது. இது புதுப் பிரச்சினை இல்லைதான். 1960களில் பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் நம்ம அண்ணாவிமாரை வைத்துக் கூத்தைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்கு ஏற்றினார், மௌனகுரு சேர் அதில் ஆடி வளர்ந்தவர். அதனால்தான் படித்த சனம் கூத்தைத் திரும்பிப் பார்த்தது. பிறகு மட்டக்களப்புச் சீலாமுனையில், சுருக்கவும் வேண்டாம் மேடைக்குக் கொண்டுபோகவும் வேண்டாம், ஊருக்குள் வைத்தே திருத்துவோம் என்று செய்தார்கள். இரண்டும் வேண்டும் என்பது என் எண்ணம், ஆனால் நாற்பது நிமிசம் என்பது சுருக்கமில்லை, கழுத்தை நெரிப்பது.

ஆடி முடிய எல்லாரும் எழும்பி நின்று கைதட்டினார்கள். அதுவும் எங்களுக்குப் புதிது, ஊரில் கைதட்ட மாட்டார்கள், பிழைவிட்டால் மட்டும் சத்தம் போடுவார்கள். பேசிய காசு நாலு மாதம் கழித்து வந்தது.

கல்லடிப் பாலம்:

பிற்பாட்டு அண்ணன், பின்திரைக்கு ஆடின வீமனைக் கற்பனை செய்து தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். டீச்சர், அடுத்த கலா பொலவுக்கு வேனில் இடம் இருக்குமா? என் மகளும் சித்திரம்தான்.

களுவாஞ்சிக்குடி டீச்சர்:

இரண்டு இடம் இருக்கும். ஆனால் இந்தத் தடவை பொலநறுவையில் எல்லாரையும் எழுப்புவேன், நித்திரை கொள்ள விடமாட்டேன்.

பிற்பாட்டுக்காரன்:

வேளாண்மை வெட்டி முடிய நாங்கள் களரி கட்டுகிறோம். எல்லாரும் வாங்க. பாய் கொண்டு வாங்க, பனி பெய்யும், போர்த்துக்கொள்ளவும் ஏதும் வேண்டும்.

புளியந்தீவுப் பொடியன்:

எத்தனை மணிக்கு அண்ணன் தொடங்கும்? சப்பாத்து வேண்டுமா?

பிற்பாட்டுக்காரன்:

ஒன்பது மணி என்று நோட்டீசில் போடுவோம். நீங்கள் பத்தரைக்கு வாங்க. சப்பாத்தோடு வந்தால் வரம்பில் சறுக்கி விழுவீங்க.