மழையில் போன நர்சரிக்கு நிவாரணம் கிடைக்குமா?

கேரள எல்லையில் களியக்காவிளை பக்கம் ரப்பர், தென்னை நாற்று வளர்த்து விற்கிறேன். மழையில் நிழல்வலை கிழிந்து, பையில் நின்ற நாற்றெல்லாம் வேர் அழுகிப்போச்சு. அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கு) வாழை மட்டும்தான் இருக்கு, நாற்று கணக்கில் வராது என்கிறார்கள். என்ன செய்ய?

தோட்டக்காரன்:
அண்ணாச்சி, 2022 முதல் 2026 வரைக்கான மத்திய அரசின் பேரிடர் நிவாரண அளவுப்படி 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் இருந்தால், ஹெக்டேருக்கு மானாவாரிக்கு 8,500, பாசனப் பயிருக்கு 17,000, பல்லாண்டுப் பயிருக்கு 22,500 ரூபாய். எல்லாம் பரப்புக் கணக்கு. நர்சரிக்காரர் போட்ட பணம் முழுக்க சில சென்ட் இடத்தில் நெருக்கி நிற்கிறது, அதை ஹெக்டேரில் அளந்தால் நாற்றுப் பைக்கும் ஒட்டுக் கட்டும் கூலிக்கும்கூடக் காணாது. ரொம்ப அநியாயம் இது.

விளவங்கோட்டான்:
அழுகினதை அள்ளிப் போடாதீங்க. முதலில் போட்டோ எடுத்து வையுங்க, அப்புறம் தோட்டக்கலைத் துறைக்கும் தாலுகா ஆபீசுக்கும் மனு கொடுத்து, கணக்கெடுக்க வருகிறவர்களிடம் வாங்கின பில்லோடு காட்டுங்க.

பாறசாலை அக்கா:
தம்பி, நிலம் எந்த மாநிலத்திலோ அங்கேதான் கேட்கணும். இந்தப் பக்கம், கேரளாவில் இடம் இருந்தால் கிருஷி பவனில் (வேளாண் ஆபீஸ்) சொல்லி, கேரள வேளாண் துறையின் எய்ம்ஸ் (AIMS) இணையதளத்தில் பதியணும். தாமதிக்காதே.