ஓப்ரா டின் முடித்துவிட்டேன். இதைப் போல வேறு எதை ஆடலாம்?

துறைமுகத்தான்

வணக்கம். வயது 52, ஊர் தூத்துக்குடி. கப்பலில் வரும் சரக்கு சேதமானால் நேரில் போய்ப் பார்த்து, எவ்வளவு சேதம், எதனால் சேதம் என்று இன்சூரன்ஸுக்கு அறிக்கை எழுதுவது என் தொழில். வீடியோ கேம் பக்கமே போகாதவன். பெங்களூருவுக்கு வேலைக்குப் போன மகள், தன் பழைய லேப்டாப்பை என்னிடம் கொடுத்துவிட்டு, "அப்பா, இது உங்கள் வேலையேதான், ஆடிப் பாருங்கள்" என்று ஒரு கேமை ஏற்றிவைத்துவிட்டுப் போனாள். ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின். மூன்று வாரமாக இரவுச் சாப்பாடு முடிந்ததும் அதில்தான் உட்கார்ந்திருந்தேன். போன செவ்வாய்க்கிழமை முடித்தேன். இன்னும் அதிலிருந்து மீளவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1802இல் லண்டனிலிருந்து கிளம்பிய ஒரு வணிகக் கப்பல் நன்னம்பிக்கை முனைக்கு வந்து சேரவே இல்லை. கடலோடு போயிற்று என்று எழுதிவிடுகிறார்கள். 1807இல் பாய் கிழிந்து, ஆளில்லாமல், இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்துக்கு அது மிதந்து வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் இன்சூரன்ஸ் ஆளாக நீங்கள் ஏறுகிறீர்கள். கையில் ஒரு புத்தகம், ஒரு கடிகாரம். சடலத்தின் அருகே கடிகாரத்தைத் திறந்தால் முதலில் இருட்டில் குரல்கள் மட்டும் கேட்கும். பிறகு அந்த ஆள் உயிர்விட்ட நொடி அப்படியே உறைந்து நிற்கும். அதற்குள் நடந்து சுற்றிப் பார்க்கலாம். கப்பலில் இருந்த 60 பேரும் யார் யார், என்ன ஆனார்கள், யாரால் ஆனார்கள் என்று புத்தகத்தை நிரப்ப வேண்டும்.

2018இல் வந்தது. லூகாஸ் போப் என்ற ஒரே மனிதர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்து செய்தாராம். படம், இசை, நிரல் எல்லாம் அவரே.

மகள் சொன்னது உண்மை. இது என் வேலைதான். ஈரமான மூட்டையைக் காட்டி, கடல் தண்ணீர் புகுந்துவிட்டது என்று ஒருவர் சொல்வார். மழையில் நனைந்தது என்று இன்னொருவர் சொல்வார். நாங்கள் சாக்கின் மேல் சில்வர் நைட்ரேட் கரைசலைச் சொட்டு விடுவோம். பால்போல் வெளுத்தால் அதில் உப்பு இருக்கிறது, சரக்கு அறையின் வாயை மூடும் ஹட்ச் மூடி வழியாகக் கடல் உள்ளே வந்திருக்கிறது. தெளிவாகவே நின்றால் மழை, அல்லது கப்பலின் வியர்வை, அதாவது உள்சுவரில் குளிர்ந்து படியும் ஈரம். அந்தச் சொட்டு விழுந்து நிறம் மாறுமா என்று குனிந்து பார்க்கும் கணம் இருக்கிறதே, அந்தக் கணத்தை இந்த ஆட்டம் அப்படியே கொடுத்தது. மூன்று பேரின் பெயரும் முடிவும் சரியாக இருந்தால்தான் புத்தகம் ஏற்றுக்கொள்ளும். கையெழுத்தாக இருந்தது அச்செழுத்தாக மாறும். ஒருவரைக் குருட்டாம்போக்கில் எழுதிவிடலாம், மூவரை எழுத முடியாது.

ஓர் இடத்தை மட்டும் சொல்கிறேன். கீழ்த்தளத்தில் மாலுமிகள் தூளிபோல் தொங்கும் படுக்கைகளில் கிடக்கிறார்கள். படுக்கையில் எண் இருக்கிறது. அதே எண் ஆள் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் சிலருடைய முகம் தெரியாது, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கால்தான் தெரியும். அந்தக் காலணியை மனத்தில் வாங்கிக்கொண்டு, வேறொரு காட்சியில் பாய்மரத்தில் நிற்பவர்களின் கால்களைப் போய்ப் பார்க்க வேண்டும். சீன மாலுமிகள் நால்வரைப் பிரித்தறிய எனக்கு இரண்டு இரவுகள் ஆயின. நோட்டில் காலணியாக வரைந்து வைத்திருக்கிறேன்.

பட்டியலில் ஊர் என்ற இடத்தில் இந்தியா என்று போட்டவர்களும் உண்டு. கம்பெனிக் கப்பல்களில் நம் நாட்டு மாலுமிகளை லஸ்கர் என்றார்கள். நம் பொதுப்பணித் துறையில் மதகு பார்ப்பவருக்கு அந்தப் பெயர்தான் வந்து ஒட்டிக்கொண்டது.

எல்லாச் சடலங்களையும் பார்த்து முடித்ததும் மழை பிடித்துக்கொள்கிறது. படகில் கொண்டுவந்து விட்டவர், போகலாம் என்று அழைக்கிறார். அப்போது என் கணக்கில் 39 பேர்தான் சேர்ந்திருந்தார்கள். அப்படியே இறங்கிப் போகலாம்; ஆட்டம் தடுக்காது. என்னால் முடியவில்லை. மழையிலேயே ஒன்பது நாள் கப்பலைச் சுற்றினேன். கடைசியில் யார் குடும்பத்துக்கு எவ்வளவு ஈடு, யாரிடம் அபராதம் என்று கம்பெனி கணக்குப் போடுகிறது. நீங்கள் எழுதியதை வைத்துத்தான் அந்தக் கணக்கு.

என் கேள்வி இது. இதைப் போல, பார்த்து, யோசித்து, நாமே கண்டுபிடிக்கும் ஆட்டம் வேறு எது? சுடுவது, தாவுவது வேண்டாம், என் கை அவ்வளவு வேகமாக ஓடாது. லேப்டாப்பில் தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. அண்மையில் நீங்கள் முடித்தது எது, அதில் உங்களைப் பிடித்து வைத்தது எது என்று சொன்னால் நன்றாக இருக்கும்.

கோவை_வானம்

சார், ஒரே பதில்தான்: அவுட்டர் வைல்ட்ஸ். 2019இல் வந்தது. நான் போன மாதம் முடித்தேன், அன்றிரவு தூங்கவில்லை.

சின்னஞ்சிறு சூரிய மண்டலம். மரத்தாலும் தகரத்தாலும் செய்த ஒரு விண்கலம். 22 நிமிடத்தில் சூரியன் வெடித்துவிடும், நீங்கள் தொடங்கிய இடத்தில், நெருப்பின் அருகே கண் விழிப்பீர்கள். மறுபடியும் 22 நிமிடம். புதிய ஆயுதம், புதிய சக்தி என்று எதுவும் கையில் சேராது. முன்பு வாழ்ந்துபோன ஓர் இனம் சுவர்களில் எழுதிவைத்ததைப் படித்து, நீங்கள் தெரிந்துகொண்டது மட்டும்தான் சேரும். விடை தெரிந்தவர் முதல் 22 நிமிடத்திலேயே ஆட்டத்தை முடித்துவிடலாம். அந்த விடையை அடைய எனக்கு ஏறக்குறைய 30 மணி நேரம் ஆனது.

கலத்தில் ஒலி கேட்கும் கருவி ஒன்று இருக்கிறது. உங்களுக்கு முன்னே போன பயணிகள் ஆளுக்கொரு கோளில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் பான்ஜோ, ஒருவர் புல்லாங்குழல், ஒருவர் மேளம். கருவியை ஒவ்வொரு கோளாகத் திருப்பினால் ஒவ்வொரு வாத்தியம் கேட்கும். ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குப் போய், எல்லாக் கோள்களும் ஒரே திசையில் வருமாறு நின்று கேட்டேன். அத்தனையும் ஒரே பாட்டு. தனித்தனியாகக் கேட்டபோது எனக்கு அது உறைக்கவே இல்லை.

எதையும் தேடிப் படிக்காதீர்கள், காணொளி பார்க்காதீர்கள். இரண்டு சிக்கல்களை மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன். உங்கள் லேப்டாப்பில் இது திணறக்கூடும். கலத்தை விசைப்பலகையால் தரையிறக்குவது கடினம். கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலர் ஒன்றைக் கடன் வாங்குங்கள்.

நீத்துப்பெட்டி

அண்ணா, நான் கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறேன். நீங்கள் கேட்டதற்கு இது முழுதாகப் பொருந்துமா என்று தெரியவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். அண்மையில் நான் முடித்தது வெண்பா. முடித்தது நான் என்று சொல்வதைவிட அம்மா என்று சொல்வதே சரி.

2023இல் வந்தது, இங்கே டொரோண்டோவில் செய்தார்கள். 1988இல் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்கு வந்த வெண்பா, அவள் கணவன் பாவலன், பிறகு பிறக்கும் மகன் கவின். தாய் கொடுத்துவிட்ட சமையல் புத்தகத்தில் எழுத்து அழிந்தும் தாள் கிழிந்தும் கிடக்கிறது. விடுபட்ட இடத்தை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். அந்த வகையில் அது உங்கள் கப்பல் புத்தகத்துக்கு உறவுதான்.

முதலில் இட்லி. தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதுதான் புதிர். நான் ஒன்றன்மேல் ஒன்றாக நேராக வைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் சோபாவில் இருந்த அம்மா, கண்ணாடி கூடப் போடாமல், "மேலே இருக்கிற துளைக்குக் கீழே மாவு வர வேண்டும், பிள்ளை, தட்டைத் திருப்பு" என்றார். அம்மாவுக்கு 71 வயது. இதற்கு முன் எந்த விளையாட்டையும் தொட்டதில்லை. அதற்குப் பிறகு கணினியை என் பக்கம் திருப்பவே இல்லை. புட்டு வந்தபோது, "நாங்கள் ஓலையில் பின்னிய நீத்துப்பெட்டியில் அல்லவா அவிப்போம், குழலில் இவர்கள் எப்படி அடைக்கிறார்கள் பார்ப்போம்" என்று முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். புதிர்கள் எளிது, உங்களுக்குச் சவாலாக இராது. குறை என்றால் அந்தக் குறுகிய நேரம்தான். கவின் சிறுவனாக இருந்து பெரியவனாகும் இடங்களில் நான்கு காட்சி கூட வந்திருக்கலாம். ஆனால் வளர்ந்த மகன் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தமிழ் எழுத்தைச் சரியாகப் படிக்க முடியாமல் அடுப்பங்கரையில் நிற்கும்போது, அம்மா கையிலிருந்த மௌஸை வைத்துவிட்டார். என் தம்பி இங்கே பிறந்தவன். அவனுக்கு அம்மா எழுதும் வாழ்த்து அட்டைகளை நான்தான் வாசித்துக் காட்டுவேன்.

உங்கள் மகள் ஊருக்கு வரும்போது இருவருமாக ஆடுங்கள்.

பிழைதிருத்துநர்

ஓப்ரா டின்னைப் பற்றி ஒரு மாற்றுக் கருத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். நான் 21 பேரோடு நிறுத்திவிட்டேன். முதல் காரணம், அந்தக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள். நடக்கும்போது திரை முழுதும் நுணுநுணுவென்று ஊர்கிறது, அரை மணி நேரத்தில் தலைவலி. இரண்டாவது, மாலுமிகள் பகுதி. ஆரம்பத்தில் ஒவ்வொரு பெயருக்கும் சான்று கிடைத்தது. பிறகு இரண்டு பெயர்களை உறுதியாகப் போட்டு, மூன்றாவதை மாற்றி மாற்றிப் பார்த்தேன், பொருந்தியது. அப்படிப் பொருந்தியதில் எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. மூவரைக் குருட்டாம்போக்கில் எழுத முடியாது என்று நீங்கள் சொல்வதை இந்த ஒரு வழியில் மீறலாம்.

உங்கள் கேள்விக்கு என் விடை: தி கேஸ் ஆஃப் தி கோல்டன் ஐடல். 2022, லாத்வியாவைச் சேர்ந்த சகோதரர்கள் இருவர் செய்தது. 18ஆம் நூற்றாண்டு. அசையாத காட்சி ஒன்று, அதில் ஒரு சாவு. சட்டைப்பையில் இருக்கும் கடிதம், மேசைமேல் கிடக்கும் சீட்டு எல்லாவற்றையும் பார்த்துச் சொற்களைச் சேகரித்து, நடந்ததைச் சொல்லும் வாக்கியங்களின் கோடிட்ட இடங்களில் நிரப்ப வேண்டும். இரண்டோ அதற்குக் குறைவாகவோ தவறு இருந்தால் அதை மட்டும் சொல்லும். எது தவறு என்று சொல்லாது. அச்சகத்தில் 19 ஆண்டுகளாகப் பிழை பார்க்கிறவன் நான். ஒரு வாக்கியத்தில் ஒரே ஒரு சொல் தவறாக நிற்கிறது, அது எது என்று தெரியாமல் மூன்று முறை படிப்பது எனக்கு வேலையும் இன்பமும். உங்கள் லேப்டாப்பிலும் ஓடும்.

துறைமுகத்தான்

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிழைதிருத்துநர் அவர்களுக்கு: தலைவலிக்கு ஒரு வழி உண்டு. அமைப்புகளில் பழைய மானிட்டர் வகைகள் சில இருக்கின்றன. முதலில் இருப்பது மெக்கின்டாஷ். ஐபிஎம் 5151 என்று மாற்றினால் பச்சை, ஜெனித் என்று மாற்றினால் மஞ்சள் கலந்த ஆரஞ்சு. நான் முதல் வாரத்திலேயே ஜெனித்துக்கு மாறிவிட்டேன்; கண்ணுக்கு இதமாக இருந்தது. மூன்றாவதை மாற்றி மாற்றிப் பொருத்தலாம் என்பது உண்மை, நானும் ஓரிருவரை அப்படித்தான் பிடித்தேன். பிடித்த பிறகு ஏன் அவர் என்று தேடிப் போய்ச் சான்றைக் கண்டேன். சான்று இருக்கிறது. கோல்டன் ஐடலை ஐந்து நாளில் முடித்துவிட்டேன், அருமை. ஆனால் அதில் வருகிறவர்கள்மேல் எனக்கு ஒட்டுதல் வரவில்லை. பேராசைக்காரர்கள் ஒருவரையொருவர் கொல்கிறார்கள். ஓப்ரா டின்னில் பலரும் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தவர்கள்.

கோவைத் தம்பி, கன்ட்ரோலர் கிடைத்துவிட்டது, லேப்டாப்தான் ஒத்துழைக்கவில்லை. பொங்கலுக்கு மகள் வரும்போது தன் புதிய லேப்டாப்பைக் கொண்டுவருகிறாள். அதுவரை எதையும் படிக்க மாட்டேன். தங்கச்சி, வெண்பாவும் அப்போதுதான். உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம்.

முதல் பதிவில் எழுதாமல் விட்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஓப்ரா டின்னில், பயணத்தின் தொடக்கத்தில், தூக்கிய சரக்கு அறுந்து கீழே நிற்கும் மாலுமிமேல் விழுகிறது. அந்தக் காட்சியைப் பார்த்ததும் லேப்டாப்பை மூடிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் சர்வேக்குப் போன ஒரு கப்பலில் சரக்கைக் கட்டித் தூக்கும் சிலிங் அறுந்து, மூட்டைகள் விழுந்து, கீழே நின்ற தொழிலாளி ஒருவர் இறந்தார். நான் போனது நனைந்த மூட்டைகளை எண்ண. என் அறிக்கையில், அந்த விபத்தில் கிழிந்த மூட்டைகள் 34 என்று எழுதியிருக்கிறேன். அவர் பெயர் அதில் இல்லை. அந்தப் படிவத்தில் பெயருக்கு இடமும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, அன்று அந்தக் கப்பலில் வேலை பார்த்த மேஸ்திரியைத் தேடிப் போனேன். ஓய்வு பெற்று மகன் வீட்டில் இருக்கிறார். கப்பலை நினைவு வைத்திருந்தார், அந்த நாளையும் நினைவு வைத்திருந்தார். ஆளை எல்லோரும் கூப்பிட்ட பட்டப்பெயரைச் சொன்னார், திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தைச் சொன்னார். இயற்பெயர் வாய்வரை வந்து நின்றுவிட்டது அவருக்கு. தன்னோடு வேலை செய்த இன்னொருவர் புன்னைக்காயலில் இருக்கிறார், அவருக்குத் தெரிந்திருக்கும் என்று ஒரு போன் எண்ணைக் கொடுத்தார். இரண்டு முறை அடித்தேன், எடுக்கவில்லை. நாளைக் காலையில் மறுபடி அடிக்க வேண்டும்.