அம்மாவின் மரகத மோதிரமும் அந்த ஐந்து நிமிடமும்: உங்கள் பச்சைக்கல் கதையையும் சொல்லுங்கள்

ஈரோட்டுக்காரி:

அம்மாவின் மோதிரம் என் கைக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. நடுவில் மரகதம், நீள்சதுரம், நாலு முனையையும் மழுக்கி, ஓரம் படிப்படியாக இறங்குகிற பட்டை. போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்கு முன்னால் மெருகு போடக் கொடுத்தேன், கடைப் பெயர் வேண்டாம். கவுன்டரில் இருந்த தம்பி தோடு, வளையலோடு சேர்த்து இதையும் அல்ட்ராசோனிக் மெஷினில், அதாவது ஒலி அதிர்வால் அழுக்கை நீக்குகிற தொட்டியில் போட்டுவிட்டார். ஐந்து நிமிடம்தான் இருக்கும். தங்கம் பளபளவென்று வந்தது. கல்லைப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாக நரம்பு ஓடுகிறது, உடைந்த சோடா பாட்டில் மாதிரி.

கல்லை மாற்றிவிட்டார்கள் என்று நினைத்து அங்கேயே சண்டை. பிறகு பட்டை தீட்டுகிற ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன், லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, "உன் கல்லுதாம்மா, எண்ணெய் போயிருச்சு" என்றார்.

மரகதத்துக்கு எண்ணெயா! ஆமாம், பெரும்பாலான மரகதத்தில் மயிரிழை விரிசல் இருக்குமாம், அது மேற்பரப்பு வரை வந்திருந்தால் தேவதாரு எண்ணெயை உள்ளே இறக்கி மறைப்பார்களாம், உலகம் முழுக்க இதுதான் வழக்கமாம். அந்த மெஷினின் அதிர்வும் சூடும் எண்ணெயை வெளியே தள்ளிவிட்டது. பெரியவர் மறுபடி எண்ணெய் ஏற்றிக் கொடுத்தார், முக்கால்வாசி பழைய பச்சை திரும்பியது. ஒரு மூலைக்கு ஓடுகிற கோடு மட்டும் அப்படியே இருக்கிறது. எண்ணெய் போட்டதில் எனக்குக் கோபமில்லை, விற்கும்போதும் வாங்கி மெஷினில் போடும்போதும் ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

பிங்க்சிட்டி ரிட்டர்ன்:

அக்கா, நான் ஜெய்ப்பூரில் ஒரு பட்டறைக்குக் கணக்கு எழுதப் போனவன், கல் வேலை தெரியாது. ஜோஹரி பஜாரை ஒட்டி கோபால்ஜி கா ராஸ்தா என்று ஒரு தெரு, நடந்தாலே யாராவது காகிதப் பொட்டலத்தைப் பிரித்துப் பச்சையாக எதையாவது காட்டுவார்கள். ஜாம்பியாவிலிருந்து வந்த ஒரு கரடு, அதாவது இன்னும் வெட்டாத மரகதம், சுண்டுவிரல் நுனி அளவு. பட்டறைக்காரர் அதை அரை மணி நேரம் வெட்டவே இல்லை, விளக்கடியில் உருட்டிக்கொண்டே இருந்தார். என்னிடமும் கொடுத்தார். ஒரு பக்கம் பிடித்தால் மஞ்சள் கலந்த பச்சை, திருப்பினால் நீலம் ஓடுகிற பச்சை, ஒரே கல்! எந்த நிறம் மேலே வரவேண்டும், விரிசல் எங்கே ஒளிய வேண்டும் என்று முடிவு பண்ணத்தான் அந்த அரை மணி நேரம்.

நீங்கள் சொல்கிற படிப்பட்டையும் அழகுக்கு மட்டும் இல்லை. மரகதம் கடினம்தான், கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கிற மோஸ் அளவில் 7.5 முதல் 8 வரை, ஆனால் நொறுங்கும் குணம் உண்டு, கூர்முனை விட்டால் எங்காவது இடித்துத் தெறித்துவிடும். அதனால் முனையை முதலிலேயே வெட்டிவிடுகிறார்கள். கல் ஆறு பக்கத் தூணாக வளர்வதால் நீள்சதுரமாக வெட்டினால் சேதாரமும் குறைவு. அப்படியும் அந்தக் கரட்டில் பாதிக்கு மேல் தூளாகிப் போனதை நான்தான் கணக்கில் எழுதினேன்.

பாறைப்பித்தன்:

ஜியாலஜி படித்தபோது எங்களைச் சங்ககிரி, எடப்பாடி பக்கம் கூட்டிப்போனார்கள். சேலத்துக்காரர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், 1990களில் அங்கே மரகதம் கிடைத்தது என்று? கறுப்பு மைக்கா ஏடு ஏடாக உரிகிற பாறை, அதற்குள் பென்சில் துண்டு மாதிரி அறுகோணமாக ஒரு பச்சைக் குச்சி. நகையில் வைக்கிற தரமில்லை, கலங்கல், ஆனால் பார்த்ததும் கை நடுங்கியது.

மரகதம் பெரில் வகைக் கனிமம், பெரிலியம் என்கிற தனிமம் இல்லாமல் உருவாகாது. பச்சை நிறத்துக்குக் குரோமியமோ வனேடியமோ வேண்டும். சிக்கல் என்னவென்றால் பெரிலியம் கிரானைட் வகைப் பாறைக்குழம்போடு வருகிற சரக்கு, குரோமியம் இருப்பது ஆழத்துக் கரும்பாறையில். இரண்டும் சந்திப்பதே அபூர்வம். இங்கேயும் ஜாம்பியாவிலும் குழம்பு கரும்பாறைக்குள் புகுந்து, இரண்டும் உரசிய ஓரத்தில் கல் வளர்ந்தது. பாறை நசுங்கி நெளிகிற இடம் அது, கல்லில் விரிசல் விழாமல் என்ன செய்யும்? மைக்கா துணுக்கும் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

கொலம்பியாவின் மூசோ சுரங்கத்துக் கதை வேறு. அங்கே கிரானைட்டே வேண்டியிருக்கவில்லை, கொதிக்கிற உப்புநீர் கறுப்புக் களிப்பாறையின் பிளவுகளில் புகுந்து தேவையான எல்லாவற்றையும் அந்தப் பாறையிலிருந்தே கரைத்து எடுத்துக்கொண்டது. லேபில் ஒரு கொலம்பியக் கல்லை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன், ஊசிமுனை அளவு பொந்துக்குள் கொஞ்சம் நீர், ஒரு வாயுக் குமிழி, பக்கத்தில் சதுரமாக ஒரு உப்புக்கல். 3 கோடி வருடத்துக்கும் முந்தைய தண்ணீர், வற்றவே இல்லை! பிரெஞ்சுக்காரர்கள் மரகதத்தின் உள்ளே இருக்கிற இந்த மாதிரி சமாச்சாரங்களை 'தோட்டம்' என்கிறார்கள். நம் கடைகளில் 'அழுக்கு' என்கிறார்கள்.

புதன்தசை பாஸ்கர்:

நான் அந்த 'அழுக்கு' துளிகூட இல்லாத கல்லைத் தேடி வாங்கிய புத்திசாலி. ஜோசியர் என் வீட்டுக்காரியைப் புதனுக்குப் பச்சைக்கல் போடச் சொன்னார், நாலு கடை ஏறி இறங்கி, இருப்பதிலேயே கண்ணாடி மாதிரி சுத்தமானதாகப் பொறுக்கினேன். இரண்டு வருடம் கழித்து லேபில் கொடுத்தால், உள்ளே உருண்டை உருண்டையாகக் காற்றுக் குமிழி, கண்ணாடி மாதிரி இல்லை சார், கண்ணாடியேதான் என்றார்கள். வீட்டுக்காரி அதைக் கழற்றவில்லை. பாத்திரம் தேய்க்கும்போதும் போட்டிருக்கிறாள், வெந்நீர், சோப்பு, எதற்கும் அசையவில்லை. எண்ணெய் இருந்தால்தானே போவதற்கு.